‘இடுப்பு’ எங்கே இருக்கிறது?

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் வசிக்கும் ஒரு பெண் மூன்று ஆண்டுகளாகத் தன் வலியைச் சொல்ல ஒரே சொல்லைத்தான் நம்பியிருந்தார். வீட்டில் மாமியாரிடம் ‘இடுப்பு வலிக்குது அத்தை’ என்பார். மருத்துவமனையில் இந்தியில் ‘கமர் மே தர்த் ஹை’ என்பார். இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இரண்டும் கேட்டவர்களை வலி இல்லாத இடத்துக்கே அனுப்பிவைத்தன.

அவருக்கு வயது 31. ஒரே மகனுக்கு நான்கு வயது. பாக்கு உரிப்பது அவருடைய பகுதிநேர வேலை. தாழ்ந்த பலகை ஒன்றில் முழங்கால்களை மார்பருகே மடக்கி உட்கார்ந்து, முன்னால் குவிந்திருக்கும் காய்ந்த பாக்கை ஒவ்வொன்றாக எடுத்து மட்டையை நீக்க வேண்டும். உரித்த அளவுக்குக் கூலி. மகன் பிறந்து சில மாதங்களுக்குப் பின் வலி தொடங்கியது. முதலில் பலகையிலிருந்து எழும்போது மட்டும் வந்தது. பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தாலே வந்தது. பேருந்தில் நீண்ட நேரம் உட்காரும்போது, கழிப்பறையில் குந்தும்போது, குனிந்து மெட்டியைச் சரிசெய்யும்போது வந்தது. சமதரையில் நடக்கும்போது மட்டும் பெரும்பாலும் வராது. இந்தக் கடைசிச் செய்திதான் வீட்டில் சந்தேகத்தை விதைத்தது. கடைத்தெருவுக்கு நடந்து போகிறவளுக்குப் பாக்கு உரிக்க மட்டும் எப்படி வலிக்கும் என்று கேட்டார்கள். யாரும் சோம்பேறி என்று நேரே சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது அவருக்குக் கேட்டது.

மாமியாரிடம் ஆயத்தமான விளக்கம் ஒன்று இருந்தது. பிரசவ அறுவையின்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள் அல்லவா, அந்த ஊசியின் வேலைதான் இது என்றார். தமிழ் வீடுகளில் பரவலாகக் கேட்கும் விளக்கம் இது. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலிப்பது இயற்கை என்பதும் அதனுடன் சேர்ந்தே வரும். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் எத்தனையோ பெண்களின் வலி விசாரணையின்றி முடிந்துபோகிறது.

மொழி பயின்றவர்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழில் ‘இடுப்பு’ என்பது ஓர் இடத்தின் பெயரன்று. ஒரு வட்டாரத்தின் பெயர். சேலைக் கொசுவத்தைச் செருகும் இடம் இடுப்பு. குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளும் எலும்பு மேடும் இடுப்பு. பளு தூக்கினால் பிடித்துக்கொள்ளும் கீழ்முதுகும் இடுப்பு. நிறைமாதப் பெண்ணுக்கு ‘இடுப்பு வலி எடுத்துவிட்டது’ என்றால் வீடே பரபரக்கும். அங்கே அந்தத் தொடர் பிரசவ வேதனையைக் குறிக்கிறது. இத்தனை பொருள்களுக்கும் இடம் கொடுக்கும் சொல், உடற்கூற்றியல் ‘இடுப்பு மூட்டு’ என்று சொல்லும் இடத்தை மட்டும் பேச்சு வழக்கில் தொடுவதில்லை. பள்ளிப் பாடநூல் அதைப் பந்துக் கிண்ண மூட்டு என்று கற்பிக்கிறது. ஆனால் ‘மூட்டு வலி’ என்றால் பேச்சில் முழங்கால்தான் நினைவுக்கு வரும்.

அந்த மூட்டு உண்மையில் இருப்பது தொடை வயிற்றோடு சேரும் மடிப்புக்குப் பின்னால், ஆழத்தில். அதில் நோய் கண்டால் வலி பெரும்பாலும் முன்பக்கத் தொடையிடுக்கில்தான் தெரியும். அந்த இடத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. கவட்டை, தொடையிடுக்கு, தொடைச்சந்து என்று ஊருக்கு ஊர் சொற்கள் உண்டு. ஆனால் ஒரு பெண் அவற்றை ஆண் மருத்துவர் முன் சொல்லக் கூசுவாள். மாமியார் முன்னும் கூசுவாள். ஆகவே சொல் மேலே ஏறி, கண்ணியமான இடுப்பில் போய் நின்றுகொள்கிறது.

அந்தமானில் இதன்மேல் இன்னொரு படியும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் நிக்கோபாரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தியில்தான். அந்தப் பெண்ணும் தடையின்றி இந்தி பேசுவார். ஆனால் அவர் மனத்தில் ‘இடுப்பு’க்கு நேராக உட்கார்ந்திருந்த இந்திச் சொல் ‘கமர்’. கமர் என்பது இடை, கீழ்முதுகு. இடுப்பு மூட்டின் பக்கத்துக்கு இந்தியில் ‘கூல்ஹா’ என்று வேறு சொல் இருக்கிறது. தமிழில் மங்கலாக இருந்த எல்லை, இந்திக்குப் போனபோது தெளிவாகிவிட்டது. ஆனால் தவறான பக்கத்தில் தெளிவாகிவிட்டது. கேட்ட மருத்துவர் கீழ்முதுகு என்று எழுதினார். அவர் கேட்டதைத்தான் எழுதினார்.

எனவே முதலில் எடுக்கப்பட்டது கீழ்முதுகெலும்பின் எக்ஸ்ரே. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இத்தகைய படத்தில் கதிர்க்கற்றையை முதுகெலும்பின் நீளத்துக்கு ஒடுக்கிவைப்பார்கள். இரு பக்கத்து இடுப்பு மூட்டுகளும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். படம் நன்றாக இருந்தது. மாத்திரைகள் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு இலேசாகப் புடைத்திருப்பதாக அறிக்கை வந்தது. வீட்டில் அனைவருக்கும் ஒருவித நிம்மதி. வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இடுப்புப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் புடைப்பு பொய்யன்று, அது இருந்தது. ஆனால் அது வலிக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. முதுகுவலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முப்பது வயதினரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இத்தகைய வட்டுப் புடைப்பு இருப்பதைக் காட்டியது. தேடிய இடத்தில் ஏதேனும் ஒன்று கிடைத்துவிட்டால், தேடல் நின்றுவிடுகிறது. படமெடுக்கும் கருவி எவ்வளவு நுண்மையானதாக இருந்தாலும், அது காட்டச் சொன்ன இடத்தையே காட்டும்.

திருப்பம் ஒரு திருமணத்தால் வந்தது. தாய்வழி உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் குடும்பம் கப்பலில் சென்னைக்குப் புறப்பட்டது. கடல்வழியில் சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். படுக்கையில் படுத்திருந்த நேரமெல்லாம் வலி இல்லை. உணவுக்கூடத்தில் உட்கார்ந்த நேரமெல்லாம் வலி இருந்தது. சென்னையில் அவர் நொண்டி எழுவதைக் கண்ட சித்தி ஒருவர், தமக்குத் தெரிந்த இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

அந்த இயன்முறை மருத்துவர் ஒரு பெண். ‘எங்கே வலிக்குது?’ என்று கேட்டார். ‘இடுப்புல’ என்றார் இவர். ‘சொல்ல வேணாம்மா, கையால காட்டுங்க’ என்றார் அவர். அப்போது இவருடைய வலது கை தானாகச் சென்று, கட்டைவிரல் பக்கவாட்டில் பின்புறமாகவும் மற்ற விரல்கள் தொடையிடுக்கின் முன்புறமாகவும் அமைய, மூட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையின் வடிவம் ஆங்கில எழுத்தான ‘சி’யை ஒத்திருக்கும். மருத்துவ நூல்கள் இதற்குச் ‘சி குறி’ என்றே பெயரிட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக இரண்டு மொழிகள் செய்யாத வேலையைக் கை ஒரு நொடியில் செய்தது.

அடுத்து அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்கி, தொடையை உட்பக்கமாகச் சாய்த்து, பாதம் வெளியே போகும்படி உள்நோக்கித் திருப்பினார்கள். தொடையிடுக்கில் சுரீரென்று வலித்தது. பாக்குப் பலகையில் வந்த அதே வலி. இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு இடிக்கிறதா என்பதை அறிய உலகெங்கும் செய்யப்படும் எளிய சோதனை இது. ஆனால் இது வலித்தால் மூட்டில் ஏதோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குப் படம் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஹிப் இம்பிஞ்மெண்ட்’ எனப்படும் இந்த நிலையை இடுப்பு மூட்டு இடிப்பு என்று சொல்லலாம். தொடையெலும்பின் உருண்டைத் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதை ஏந்தும் குழி ஒரு கிண்ணம். அந்தக் குழிக்கு இலத்தீனில் ‘அசெட்டாபுலம்’ என்று பெயர். புளிக்காடி வைக்கும் சிறு கிண்ணம் என்பது அதன் மூலப்பொருள். கிண்ணத்தின் வாயைச் சுற்றி ‘லேப்ரம்’ என்னும் நார்க்குருத்தெலும்பு வளையம் உண்டு. இலத்தீனில் உதடு என்று பொருள். பந்து முழு உருண்டையாக இருந்து, கழுத்தருகே போதிய அளவு உள்வாங்கியிருந்தால், தொடையை மடக்கும்போது கழுத்து கிண்ணத்தின் உதட்டில் இடிக்காது. தலையும் கழுத்தும் சேருமிடத்தில் எலும்பு மேடிட்டிருந்தால் இடிக்கும். இது கேம் வகை. தையல் இயந்திரத்திலும் எஞ்சினிலும் சுழன்று இன்னொரு பகுதியைத் தள்ளும் நீள்வட்டத் துண்டுக்கு மெக்கானிக்குகள் சொல்லும் அதே ‘கேம்’தான் இது. மேடு பந்தில் இல்லாமல் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி மூடியிருந்தாலும் இடிக்கும். அது பின்சர் வகை, கிடுக்கியின் பெயர். பலரிடம் இரண்டும் கலந்திருக்கும்.

கருத்து முற்றிலும் புதியதன்று. ஸ்மித்-பீட்டர்சன் 1936இலேயே கிண்ணத்தின் விளிம்பைச் செதுக்கி வலியைக் குறைக்கும் அறுவையை விவரித்திருக்கிறார். எக்ஸ்ரேயில் தெரியும் மேடிட்ட கழுத்தைக் கைத்துப்பாக்கியின் பிடியோடு ஒப்பிட்டு 1975இல் ஸ்டல்பர்க் பெயரிட்டார். ஆனால் இந்த இடிப்பே பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கிறது என்ற விளக்கத்தை முழு வடிவில் முன்வைத்தவர்கள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும். அவர்களின் கட்டுரை வெளிவந்தது 2003இல். பல மருத்துவர்கள் படித்துப் பட்டம் பெற்ற காலத்தில் பாடத்திலேயே இல்லாத நோய் இது.

சென்னையில் முதலில் எடுத்தது சாதாரண எக்ஸ்ரேதான். எடுக்கும் முன் தொழில்நுட்பர் அவரிடம் கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். கூசவைக்கும் கேள்வி, ஆயினும் தவிர்க்கக் கூடாத கேள்வி. கதிர்கள் செல்வது இடுப்புக்கூட்டின் வழியாக என்பதால், கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல் படம் இடுப்புக்கூடு முழுவதையும் நேராகக் காட்டுவது. இரண்டு மூட்டுகளையும் ஒரே சட்டத்தில் ஒப்பிடலாம். ஆனால் படுத்திருப்பவரின் இடுப்பு சற்றே முன்சாய்ந்தாலும் பக்கம் திரும்பினாலும் கிண்ணத்தின் நிழல் மாறிவிடும். இல்லாத நோய் இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே வாலெலும்பின் நுனி, முன்னால் இடுப்பெலும்புகள் சேரும் பொருத்துக்கு நேர்மேலாக, ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால்தான் மற்ற அளவுகளுக்கு மதிப்பு.

அந்தப் படத்தில் கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை ஒரு கோணமாக அளக்கிறார்கள். பந்தின் மையத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு, கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு இன்னொரு கோடு. விபெர்க் 1939இல் விவரித்த கோணம் இது. இருபதுக்குக் கீழே இருந்தால் கிண்ணம் ஆழமற்றது; நாற்பதை நெருங்கினால் அதிகம் மூடுகிறது. இவருக்கு 41 பாகை. கிண்ணத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நிழலில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றனவா என்றும் பார்த்தார்கள். வெட்டிக்கொண்டால் கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருக்கலாம்.

ஆனால் கேம் மேடு பெரும்பாலும் கழுத்தின் முன்மேல் பகுதியில் இருக்கும். நேரான படத்தில் அது பந்துக்கு முன்னால் மறைந்துகொள்ளும். அதை வெளிக்கொணர, தொடையை 45 பாகை மடக்கி, 20 பாகை விரித்து வைத்து ஒரு படம் எடுப்பார்கள். டன் என்பவர் 1952இல் வேறொரு தேவைக்காக விவரித்த நிலையிலிருந்து வந்தது இது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே வைக்க ஒரு திண்டும், எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று அறிந்த ஒரு தொழில்நுட்பரும் போதும். இந்தப் படத்தில்தான் அவருடைய மேடு தெரிந்தது. பந்தின்மீது கணினித் திரையில் ஒரு வட்டம் வரைந்தார்கள். எலும்பு எந்த இடத்தில் அந்த வட்டத்தை விட்டு வெளியேறுகிறதோ அந்தப் புள்ளிக்கும் கழுத்தின் நடுக்கோட்டுக்கும் இடையிலான கோணம் ஆல்ஃபா கோணம். 2002இல் நோட்ஸ்லியும் பிறரும் எம்.ஆர்.ஐ. படங்களில் இதை அளந்தபோது, நோயாளிகளிடம் சராசரி 74 பாகையாகவும் நோயற்றவர்களிடம் 42 பாகையாகவும் இருந்தது. எல்லைக்கோடாக 55 என்று சிலரும் 60 என்று சிலரும் கொள்கிறார்கள். இவருக்கு 66.

எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைச் சொல்லும். உதடு கிழிந்திருக்கிறதா, குருத்தெலும்பு உரிந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் இருந்தது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்புத் தலை மடியும் நோயும் இதே இடத்தில், இதே வயதில் வலிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. மூட்டுக் காசநோயும் நம் நாட்டில் மறக்கக் கூடியதன்று. இவற்றை விலக்க எம்.ஆர்.ஐ. தேவை. அதுவும் இடுப்புக்கூடு முழுவதையும் பருந்துப்பார்வையில் எடுப்பது மட்டும் போதாது. வலிக்கும் மூட்டை மட்டும் சிறு சட்டத்துக்குள் கொண்டுவந்து, கழுத்தின் அச்சைச் சுற்றிக் கடிகார முட்கள்போல ஆரவெட்டுகளும் எடுக்க வேண்டும்.

அவருக்கு மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்பட்டது. நகரும் எக்ஸ்ரேயின் துணையோடு மெல்லிய ஊசியை மூட்டுக்குள் நுழைத்து, நீர்த்த கடோலினியக் கரைசலைச் செலுத்துவார்கள். மூட்டு சற்று உப்பும். கிழிசல் இருந்தால் திரவம் அதற்குள் புகுந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். செலுத்தும் திரவத்தில் மரத்துப்போகும் மருந்தையும் கலந்தார்கள். அதற்கு வேறொரு நோக்கம் இருந்தது.

ஸ்கேன் அறைக்குமுன் உலோகம் அனைத்தையும் கழற்றச் சொன்னார்கள். வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழன்றன. தாலிக்கொடியிடம் கை நின்றது. ஊசி அறையிலும் நடுங்காதவர் அங்கே தயங்கினார். சித்தி கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். விரலி மஞ்சள் கட்டிய கயிறு. இது எங்கும் எழுதிவைக்கப்படாத ஆயத்தம். ஆனால் ஸ்கேன் நிலையங்களுக்குப் போய்ப் பழகிய தமிழ்ப் பெண்களுக்குத் தெரியும். கயிறு கழுத்தில் ஏறியது, கொடி கைப்பைக்குள் இறங்கியது. இயந்திரம் தட்டத் தொடங்கியது.

படத்தில் உதட்டின் முன்மேல் பகுதியில் ஒரு கிழிசல் இருந்தது. குருத்தெலும்பு ஏறத்தாழ முழுமையாக இருந்தது. எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டக் குறைவு இல்லை. காசநோயின் அறிகுறியும் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை. எலும்பின் முப்பரிமாண வடிவத்தையும் தொடையெலும்பின் முறுக்கத்தையும் சி.டி. துல்லியமாகக் காட்டும், அறுவைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு அது பெருந்துணை. ஆனால் மகப்பேற்று வயதில் உள்ள ஒருவரின் இடுப்புக்கூட்டுக்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்குத் தக்க காரணம் வேண்டும். முறுக்கத்தை எம்.ஆர்.ஐ.யிலேயே, முழங்கால் அருகே சில வெட்டுகள் கூடுதலாக எடுத்து அளந்துகொள்ளவும் முடியும்.

படங்களைவிட முக்கியமான விடை நடைக்கூடத்தில் கிடைத்தது. மூட்டுக்குள் சென்ற மருந்து மரத்துப்போகச் செய்திருக்கும் சில மணி நேரத்தில், வலியை உண்டாக்கும் செயலைச் செய்துபார்க்கச் சொன்னார்கள். வலி மறைந்திருந்தால் அதன் ஊற்று மூட்டுக்குள்ளேதான். மறையாவிட்டால் முதுகையோ தசையையோ மீண்டும் சந்தேகிக்க வேண்டும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். முழுதாகக் குந்தினார். வலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. குந்தியபடியே கைப்பேசியை எடுத்து மாமியாரை அழைத்தார். ‘அத்தை, நான் குந்தி உக்காந்திருக்கேன்’ என்றார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ‘வலிக்கலையாடி?’ என்று கேட்டார் மாமியார். மூன்று ஆண்டுகளில் அந்தக் கேள்வியை அவர் சந்தேகமின்றிக் கேட்டது அன்றுதான். மாலையில் மருந்தின் வலு குறைந்து வலி திரும்பியது. அதுவும் நல்ல செய்தியே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முதுகு வட்டுக்குச் சொன்னதை இந்த மூட்டுக்கும் சொல்ல வேண்டும். வலியே இல்லாதவர்களின் 2,114 இடுப்பு மூட்டுகளைத் தொகுத்துப் பார்த்து 2015இல் வெளிவந்த ஆய்வில், 37 விழுக்காட்டில் கேம் வடிவம் காணப்பட்டது. விளையாட்டு வீரர்களிடம் அது 54.8 விழுக்காடு. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 68 விழுக்காட்டில் உதட்டில் சேதம் தெரிந்தது. அவர்களெல்லாம் வலியின்றி நடந்துகொண்டிருந்தவர்கள். எனவேதான் பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2016இல் வெளியிட்ட வார்விக் உடன்பாடு, அறிகுறி, உடற்சோதனை, படம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் இதை நோய் என்று சொல்ல வேண்டும் என வரையறுத்தது. படத்தில் 66 பாகை இருப்பது மட்டும் நோயாகாது. பலகையில் வந்த வலி, மேசையில் செய்த சோதனை, திரையில் தெரிந்த மேடு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அவ்வாறு பார்த்தால், இந்த நோயைக் கண்டறிவதில் மூன்றில் ஒரு பங்கு நோயாளியின் வாய்மொழி. அது எந்தச் சொல்லில் வருகிறது என்பது மருத்துவத்துக்கு வெளியே உள்ள செய்தியாகாது.

சிகிச்சையைப் பற்றி அவரிடம் பொறுமையாகப் பேசினார்கள். நுண்துளை வழியே மேட்டைச் செதுக்கி உதட்டைத் தைக்கும் அறுவை உண்டு. பிரிட்டனில் 348 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டோர் இயன்முறைச் சிகிச்சை பெற்றோரைவிட, 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 6.8 புள்ளி மேம்பட்டிருந்தனர். இரு சாராருமே முன்னிருந்ததைவிட முன்னேறியிருந்தனர். அறுவைக்குப் பின் ஊன்றுகோலுடன் சில வாரங்கள், பழைய வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள், இடையே கடல். நான்கு வயது மகனோடு அது எளிதன்று. மூட்டின் இடைவெளி குறையவில்லை, குருத்தெலும்பு நிலைத்திருக்கிறது என்று படம் சொன்னதால் காத்திருந்து பார்க்க இடம் இருந்தது. முதலில் இயன்முறைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. தாழ்ந்த பலகைக்குப் பதில் உயரமான முக்காலி. குந்துவதைக் குறைத்தல். புட்டத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் தினப் பயிற்சி. ஆறு மாதத்தில் மறு ஆய்வு.

திரும்பும் கப்பலில் படங்கள் கொண்ட பெரிய உறையைப் படுக்கையின் கீழ் மடங்காமல் வைத்துக்கொண்டு வந்தார். உண்மையில் அவற்றைச் சுமந்து வர வேண்டிய காலம் கடந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. தீவில் எடுத்த ஒரு படத்தைச் சென்னையில் உள்ள ஒரு கதிரியலாளர் அன்றே பார்த்துச் சொல்வதற்கு இனிக் கடல் தடையில்லை. ஆனால் வடம் சுமப்பது எடுக்கப்பட்ட படத்தை மட்டுமே. கீழ்முதுகின் படம் எத்தனை வேகமாகக் கடலைக் கடந்தாலும், அதில் இடுப்பு மூட்டு தென்படப் போவதில்லை. முதல் மருத்துவமனையிலேயே ஒரு நேர்ப்படமும், திண்டு வைத்து எடுத்த ஒரு 45 பாகைப் படமும் எடுத்திருந்தால், மூன்று ஆண்டு ஓராண்டாகவாவது குறைந்திருக்கும். அதைக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும். அவர் எழுத, நோயாளி கையால் காட்ட வேண்டும். காட்டும்படி அவர் கேட்க வேண்டும்.

மொழியியலும் மருத்துவமும் சந்திக்கும் இடங்களைப் பற்றிப் பேசும்போது நாம் கலைச்சொல்லாக்கத்தையே பெரும்பாலும் நினைக்கிறோம். அசெட்டாபுலத்துக்குத் தமிழ் என்ன, லேப்ரத்துக்குத் தமிழ் என்ன என்று தேடுகிறோம். அந்தப் பணி வேண்டியதே. ஆனால் நோயாளியின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களின் எல்லைகளை யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? ‘இடுப்பு’ என்று சொல்லும் தூத்துக்குடிப் பெண்ணும், சேலத்துப் பெண்ணும், யாழ்ப்பாணத்துப் பெண்ணும், அந்தமான் பெண்ணும் உடலின் எந்தெந்த இடத்தைத் தொடுவார்கள்? உடல் வரைபடம் ஒன்றையும் ஒரு பென்சிலையும் கொடுத்துச் செய்யக்கூடிய ஆய்வு இது. பெருந்தொகை வேண்டாம். மருத்துவக் கல்லூரியும் மொழித்துறையும் ஒரே வளாகத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களிலாவது யாரேனும் தொடங்கலாம்.

ஊர் திரும்பிய சில வாரங்களுக்குப் பின் மறு ஆய்வுக்காகத் தீவில் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது, அவர் ‘கமர் நஹீ, கூல்ஹா’ என்று தொடங்கினார். கூடவே கையையும் வைத்துக் காட்டினார். இப்போது முக்காலியில் உட்கார்ந்துதான் பாக்கு உரிக்கிறார். முன்னைவிடக் குறைவாகத்தான் உரிக்க முடிகிறது. வலி முற்றிலும் போகவில்லை. எப்போது வரும் என்பது தெரிந்துவிட்டது. அண்மையில் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, தனக்கும் சில மாதமாக இடுப்பு வலிக்கிறது, உன் பட்டையைக் கொடேன், கட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். இவர் பட்டையை எடுக்க எழவில்லை.

‘எந்த இடுப்பு? கைய வச்சுக் காட்டு’ என்றார்.